உத்திரமேரூருக்கு ஒரு குறுக்கு வழி

வலது பக்கம் திருப்பிய பிறகுதான், ஏன் திருப்பினோம் என்று தேவராஜ் யோசித்தான்.

பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டைக்கு அப்பால் ரோடு இரண்டாகப் பிரிகிறது. இடது பக்க ரோட்டை ஒரு வைக்கோல் வண்டி அடைத்துக்கொண்டு போனது. வலது பக்கம் காலியாகக் கிடந்தது. எட்டு வருஷம் செங்கல் லாரி ஓட்டிய கை, காலியான பக்கமாகத் தானே போய்விட்டது.

"இது திருவள்ளூர் போற ரோடு இல்லே?" என்று பின் சீட்டிலிருந்து வடிவம்மா கேட்டார்.

"ஆமாம்மா, திருவள்ளூர் ரோடுதான்," என்றான் தேவராஜ். அவனுக்கே அது அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. "உத்திரமேரூருக்கு இதான் குறுக்கு வழி. பெரிய ரோட்ல ஒரே லாரி, தூசி. நல்ல காரியத்துக்குப் போறீங்க. பட்டுப்பொடவ இன்னாத்துக்கு ஆவறது?"

வடிவம்மா புடவைத் தலைப்பை ஒருமுறை தட்டிவிட்டுக்கொண்டார். அவருக்குத் திருப்தி.

முன் சீட்டில் இருந்த அவர் கணவர் லோகநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு இருபது. "தெரிஞ்சவன் ஓட்றான் வடிவு. நீ பேசாம வா," என்றார்.

லோகநாதனுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட்டு நட்டு செய்கிற பட்டறை. வீடு பூந்தமல்லியில். கார் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. அதை ஓட்டிக்கொண்டிருந்த வீராசாமிக்கு வயதாகிவிட்டது, கண் சரியில்லை என்று சொல்லி, போன வாரம்தான் அவரைப் பட்டறையில் ஸ்டோர் பார்க்க உட்கார வைத்திருந்தார். வீராசாமி தன் கண் நன்றாகத்தான் தெரிகிறது என்று இரண்டு நாள் வாதாடிப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிட்டார். அந்த இடத்துக்குத்தான் கரையான்சாவடி லாரி ஷெட்டு மெக்கானிக் வேம்புலி, தேவராஜின் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தான்.

லோகநாதன் தேவராஜிடம் கேட்ட கேள்விகள் இரண்டே.

"உத்திரமேரூருக்கு வழி தெரியுமாப்பா?"

"கண்ணக் கட்டி வுட்டாலும் போவேன் மொதலாளி."

"எந்த வழியா போவே?"

"நேர் வழியா."

லோகநாதன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். "ஞாயித்துக்கெழமை ஓட்டு. பார்த்துட்டு வேலைய நிரந்தரம் பண்றேன்."

உண்மையில் உத்திரமேரூர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தேவராஜுக்குத் தெரியாது. எட்டு வருஷமாக அவன் ஓட்டியது கரையான்சாவடி செங்கல் சூளைக்கும் அம்பத்தூருக்கும் நடுவில், ஆவடி வழியாக. தொழிற்பேட்டையில் பாதிச் சுவர் அவன் ஏற்றிப்போன கல்லில் எழுந்தது. மீதி உலகத்தை அவன் பார்க்கவில்லையே தவிர, தெரியாது என்று யாரிடமும் சொன்னதில்லை. நேற்றுச் சாயங்காலம் வேம்புலியிடம் வழி கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும்.

"இந்த வேல கெடச்சா நீ சாயங்காலத்துக்கு ஊட்டுக்கு வந்துடுவ," என்று அவன் மனைவி பேபி சொல்லியிருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். காக்கிச் சட்டையைக் கரிப்பெட்டி வைத்து இரண்டு தடவை தேய்த்துக் கொடுத்திருந்தாள். அந்தச் சட்டையின் மடிப்பு கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினான் தேவராஜ்.

அது எழுபத்தொன்றாம் வருஷம், ஆனி மாதக் கடைசி ஞாயிறு. வடிவம்மாவின் அண்ணன் தசரதன் உத்திரமேரூரில் நிலபுலத்தோடு இருப்பவர். அவர் மகனுக்கு லோகநாதனின் ஒரே மகள் வசந்தகுமாரியைக் கேட்டிருந்தார்கள். குலதெய்வக் கோயிலில் வைத்துத்தான் தாம்பூலம் மாற்ற வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டதால், பெண் வீட்டார் கிளம்பிப் போகிறார்கள். வடிவம்மாவின் மடியில் வெள்ளித் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, சர்க்கரை, மஞ்சள். காலடியில் வாழைத்தாரும் லட்டு டின்னும்.

"பத்தரையிலேர்ந்து பன்னெண்டுக்குள்ள மாத்தணும்," என்றார் வடிவம்மா. "பன்னெண்டுக்கு எமகண்டம். அது தப்பினா ஒன்றரைக்கு மேல நாலரைக்குள்ள. அதுக்கப்புறம் ராகு காலம். இந்த வாரத்தோட ஆனி முடிஞ்சிடும். ஆடியில எதுவும் ஆகாது. அண்ணன் வேற, இன்னிக்கு ஆகலேன்னா செய்யாத்துப் பொண்ணையே முடிச்சிடுவேன்னு சொல்லியிருக்காரு. அவங்களும் தட்டோட தயாரா நிக்கறாங்களாம்."

"ஒம்பது மணிக்கு அங்க கீறோம்மா," என்றான் தேவராஜ்.

வசந்தகுமாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சரித்திரம் படித்து பி.ஏ. முடித்தவள். ஆவடியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சேரச் சொல்லி அவளுக்கு உத்தரவு வந்து பத்து நாள் ஆகிறது. அந்தக் காகிதத்தைப் பற்றி வடிவம்மாவிடம் யாரும் பேசக்கூடாது. "அண்ணன் வீட்டுல மருமகளை வேலைக்கு அனுப்பற வழக்கமில்ல," என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டிருந்தார்.

எட்டு மணிக்கு எதிரே ஒரு பெரிய கோபுரம் வந்தது. அதன் பக்கத்தில் அகலமான தெப்பக்குளம்.

"திருவள்ளூரே வந்துடுச்சே. குறுக்கு வழின்னா ஊருக்குள்ள ஏன் வரணும்?" என்றார் வடிவம்மா.

தேவராஜ் வண்டியைக் குளத்தோரம் நிறுத்தினான். லாரியில் பத்து டன் கல் இருக்கும்போது பிரேக் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வானோ, அதையே செய்தான். பதறாமல், ஏறி நிற்க ஒரு மேட்டைத் தேடினான். இங்கே மேடாகக் கிடைத்தது அந்தக் கோபுரம்.

"அம்மா, உண்மையச் சொல்லிட்றேன். பொண்ணுக்குத் தாம்பூலம் மாத்தப் போறீங்க. வீரராகவப் பெருமாளை ஒரு தபா சேவிச்சிட்டுப் போனா நல்லதுன்னு எம் மன்சுல பட்டுது. அதான் இப்படி ஓட்டியாந்தேன்."

வடிவம்மாவின் கண் கலங்கியது. "பார்த்தீங்களா, டிரைவருக்கு இருக்கிற புத்தி நமக்கு இல்லே."

"நல்ல பையன்," என்றார் லோகநாதன்.

ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவார்கள், அதற்குள் யாரிடமாவது வழி கேட்டுவிடலாம் என்பது தேவராஜின் கணக்கு. ஆனால் லோகநாதன் அவனையும் உள்ளே அழைத்துக்கொண்டார். கோயில் என்றால் வாசலோடு நின்றுவிடுகிற மனிதர், அன்றைக்கு எல்லாச் சந்நிதியிலும் அர்ச்சனை செய்தார். குளத்தில் வெல்லம் கரைத்தால் வந்த வினை கரையும் என்று யாரோ சொன்னதும், கடைக்குப் போய் வெல்லம் வாங்கி வந்து, கட்டி முழுக்கக் கரையும் வரை படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது மணி ஒன்பதே முக்கால்.

"இப்ப நேரா உத்திரமேரூர்தானே?" என்றார் வடிவம்மா.

"நேராத்தாம்மா."

முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. வடிவம்மாவின் பேச்சில் காஞ்சிபுரம் அடிபட்டிருந்தது. இவ்வளவு கூட்டத்தோடு போகிற பஸ் காஞ்சிபுரம் போகாமல் எங்கே போகும் என்று தேவராஜ் அதன் பின்னாலேயே ஓட்டினான். இரண்டு பக்கமும் புளியமரம். காற்று குளிர்ச்சியாக அடித்தது. அவன் ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தான். திருப்பாச்சூர் கோயில் கோபுரம் தெரிகிற இடத்தில், வசந்தகுமாரி ரோட்டோரக் கைகாட்டியைச் சத்தமாகப் படித்தாள்.

"திருத்தணி. திருப்பதி."

வடிவம்மா ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"திருப்பதிக்கா போறோம்?" என்றார் வடிவம்மா.

"இல்லம்மா, இங்க லெப்ட்ல ஒரு வழி கீது. அதுக்குத்தான் வந்தேன்," என்று சொல்லிக்கொண்டே, கண்ணில் பட்ட முதல் மண் பாதையில் ஒடித்தான் தேவராஜ்.

அந்தப் பாதை ஒரு ஏரிக்கரையில் ஏறி, ஒரு களத்துமேட்டில் இறங்கி, ஒரு வைக்கோல் போரைச் சுற்றி மறுபடியும் அதே ஏரிக்கரைக்கு வந்தது. மாடு மேய்க்கிறவர் ஒருவர் இரண்டு தடவையும் கும்பிட்டார். தேவராஜ் வண்டியை நிறுத்தினான்.

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும்," என்று இறங்கி, டப்பாவை எடுத்துக்கொண்டு மாட்டுக்காரரிடம் போனான். குரலைத் தணித்து, "அண்ணாத்தே, உத்திரமேரூரு…" என்று ஆரம்பிக்கும்போது தோளில் ஒரு கை விழுந்தது. லோகநாதன் பின்னாலேயே வந்திருந்தார்.

"என்னப்பா கேக்கறே?"

"தண்ணி… தண்ணி எங்க கெடைக்கும்னு கேட்டேன் மொதலாளி."

"ஏரிக்கரை மேலேயே நிக்கறோமே," என்றார் லோகநாதன். "ஒரு நிமிஷம், வழி கேக்கறியோன்னு நெனச்சிட்டேன். வடிவு பார்த்தா என்ன நெனப்பா? தெரியும்னு சொல்லி வண்டி எடுத்தவன் நடுவுல வழி கேட்டா அப்புறம் உன்னை எப்படி வேலைக்கு வெச்சிக்கறது?"

"நான் ஏன் மொதலாளி வழி கேக்கறேன்?" என்றான் தேவராஜ். அதற்குப் பிறகு அவன் யாரையும் கேட்க முடியாமல் போய்விட்டது.

கடம்பத்தூர் ரயில்வே கேட்டுக்கு வந்தபோது கேட்டு மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று, போவதா நிற்பதா என்று முடிவு செய்யாமல் அரை மணி நேரம் நகர்ந்தது. மணி பத்தே முக்கால். வடிவம்மாவின் பொறுமை போய்விட்டது. கண்ணாடியை இறக்கி, கேட்டருகே கோழிக் கூடையோடு நின்ற மனிதரைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, உத்திரமேரூருக்கு வழி தெரியுமா?"

"நல்லாக் கேட்டீங்க," என்றார் அவர். பெயர் கோவிந்தன். "என் தங்கச்சிய அந்த ஊர்லதான் குட்த்துகீது. என்னைக் கேட்டா எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

"டிரைவருக்கே தெரியும். வழியில போறவங்களை எல்லாம் ஏத்தக் கூடாது," என்றார் லோகநாதன் சட்டென்று.

"ஏங்க, மணி என்ன ஆகுது பாருங்க."

லோகநாதன் இறங்கி, கோவிந்தனைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போய் இரண்டு வார்த்தை பேசினார். திரும்பி வந்து, "சரி, ஏறிக்கட்டும். விவரமான ஆளாத்தான் இருக்கார்," என்றார்.

கோவிந்தன் கோழிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார். தேவராஜுக்கு மனம் கசந்தாலும் உள்ளூர நிம்மதி. இனிமேல் வழி தவறினால் அது இவர் தவறு. போய்ச் சேர்ந்தால் அது தன் திறமை.

கோவிந்தன் தயங்காமல் வழி சொன்னார். வேப்பமரத்துக்கிட்ட சோத்தாங்கை பக்கம், கிணத்து மேட்டுல பீச்சாங்கை பக்கம், ஐயனார் கோயிலத் தாண்டி நேரா. அவர் பேச்சில் அப்படி ஒரு உறுதி. தேவராஜ்கூட நடுவில் இரண்டு தடவை, "ஆமா, இப்படித்தான், எனக்குத் தெரியும்," என்று தலையாட்டினான். கடைசியில் பாதை ஒரு ஆற்றங்கரையில் போய் முடிந்தது. எதிர்க்கரை வரைக்கும் வெள்ளை வெளேரென்று மணல்.

"இது இன்னா ஆறு?" என்றான் தேவராஜ்.

"கூவம்."

தேவராஜ் சிரித்தான். "நானும் மெட்ராஸ்காரன்தான். எங்கிட்டயேவா? கூவம் இன்னா வாசன வரும்னு எனக்குத் தெரியாதா?"

"உங்க ஊருக்கு வந்துதாங்க அது கெட்டுப்போச்சு. எங்க ஊர்ல அது நல்லாத்தான் கீது," என்றார் கோவிந்தன். "மணல் கெட்டியா இருக்கும். ஓட்டுங்க."

ஆற்றின் நடுவில், பின் சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் மணலில் இறங்கின. தேவராஜ் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, வண்டி உட்கார்ந்துகொள்கிற எருமையைப் போல இன்னும் கொஞ்சம் அடக்கமாக உட்கார்ந்தது.

கோவிந்தன் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். "ரொம்ப உபகாரம். அதோ தெரியுது பாருங்க, கூரை, அதான் நம்ம ஊடு. நான் இத்தோட எறங்கிக்கறேன்."

"உத்திரமேரூரு?" என்று வடிவம்மா கேட்டார்.

"அது எந்தப் பக்கம்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"உங்க தங்கச்சியக் குடுத்த ஊர்ன்னு சொன்னீங்களே."

"குட்த்துகீது. கண்ணாலத்துல சண்டையாயிப் போச்சு. பன்னெண்டு வருசமா நான் அந்தப் பக்கம் போனதில்ல," என்று சொல்லிவிட்டு அவர் மணலில் நடந்து போய்விட்டார்.

ஆனாலும் மனிதர் நன்றி மறக்கவில்லை. கால் மணி நேரத்தில் இரண்டு ஜோடி உழவு மாட்டையும் நான்கு ஆட்களையும் அனுப்பி வைத்தார். காரிலிருந்து இறங்கிய வடிவம்மா வெள்ளித் தட்டைப் பத்திரமாக பானெட்டின் மேல் வைத்திருந்தார். மாடுகளை வண்டிக்கு முன்னால் கட்டியதும், அதில் செவலை மாடு ஒன்று தலையைத் திருப்பி, வெற்றிலைக் கவுளியில் பாதியை ஒரே வாயில் மென்றுவிட்டது. வடிவம்மா அதட்டியதும், பாவம், மீதியையும் சர்க்கரையையும் அவசரமாக முடித்து, பாக்கையும் மஞ்சளையும் மணலில் தள்ளிவிட்டது.

"நல்ல சகுனம்தாம்மா. பசுவே தாம்பூலம் வாங்கிகிச்சு," என்றான் தேவராஜ், சக்கரத்துக்கு அடியில் ஓலை சொருகிக்கொண்டே.

"அது காளை," என்றார் வடிவம்மா.

வண்டி கரையேறியபோது பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷம். லோகநாதன் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தேவராஜ் சட்டையை உதறிப் பார்த்தான். பேபி இரண்டு தடவை தேய்த்த சட்டை முதுகு முழுக்க மணலும் வியர்வையுமாக இருந்தது. ஆட்களுக்கு லட்டு கொடுத்து, தாங்களும் ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

"இன்னும் ரெண்டாவது நேரம் இருக்கு. ஒன்றரைக்கு மேல நாலரைக்குள்ள," என்றார் வடிவம்மா. இப்போது அவர் கேட்கவில்லை, உத்தரவு போட்டார்.

"மூணு மணிக்கு நீங்க தட்டு மாத்தறீங்க, நான் சாப்பாட்டுல உக்கார்றேன்," என்றான் தேவராஜ். சொன்னதும் அவனுக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது. அவன் சுபாவம் அப்படி. ஒரு விஷயத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் அவன் அதைச் சந்தேகப்படுவதில்லை.

பேரம்பாக்கத்தில் தார் ரோடு வந்தது. தேவராஜ் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு மணிக்கு மேல் தக்கோலம் வந்தது. கைகாட்டியைப் படித்ததைத் தவிர அதுவரை வாயே திறக்காத வசந்தகுமாரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, தக்கோலமா இது? கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"எதுக்கு?" என்றார் வடிவம்மா.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னால சோழ இளவரசன் ராஜாதித்தன் இங்கதாம்மா செத்தான். யானை மேல உட்கார்ந்தபடியே. புத்தகத்துல எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். இந்த மண்ணுல ஒரு தடவை நின்னுட்டு வந்துடறேன்."

"தாம்பூலத்துக்குப் போற வழியில சாவைப் பத்திப் பேசறே."

"ரெண்டு நிமிஷம்தானே, பார்க்கட்டும்," என்றார் லோகநாதன். "டிரைவர், இதுவும் உன் வழியில இருக்கறதுதானே?"

"பாப்பா சரித்திரம் படிச்சவங்கன்னு தெரிஞ்சிதான் இப்படிக்கா வந்தேன்," என்றான் தேவராஜ்.

வசந்தகுமாரி அவனைப் பார்த்துச் சிரித்தாள். காலையிலிருந்து அந்தப் பெண் சிரித்து அவன் பார்க்கவில்லை. அவள் சிவன் கோயில் மதில் ஓரமாக நடந்து, கல்லில் இருந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்தாள். இரண்டு நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆயிற்று. லோகநாதன் மரத்தடியில் உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வடிவம்மா மட்டும் காரை விட்டு இறங்கவில்லை.

அங்கிருந்து கிளம்பியதும் தேவராஜின் அதிர்ஷ்டம் திரும்பியது. ரோட்டோரக் கல்லில் காஞ்சிபுரம் என்று எழுதியிருந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில்தான் உத்திரமேரூர் என்று காலையிலிருந்து வடிவம்மா பேசிய பேச்சிலேயே அவனுக்குப் புரிந்திருந்தது. செங்கல் லாரியின் கோபம் முழுவதையும் காலில் வைத்து மிதித்தான். மூன்றே காலுக்குக் காஞ்சிபுரத்துக்குள் நுழைந்துவிட்டார்கள்.

"அம்மா, சொன்னா மாதிரியே கொண்டாந்துட்டேன் பாருங்க," என்றான்.

வடிவம்மா வெறும் தட்டை அணைத்தபடி தூங்கிப்போயிருந்தார். அவருக்கும் இங்கிருந்து வழி தெரியாது. பிறந்த வீட்டுக்கு அவர் எப்போதும் போவது ரயிலில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து பஸ்.

ஊரைத் தாண்டியதும் பாலாறு. அதைத் தாண்டினால் ஒரு கூட்டு ரோடு. தேவராஜ் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மனம் இளகி, முதலாளி பக்கம் திரும்பி, "மொதலாளி, இங்கேர்ந்து உங்க மச்சான் ஊடு…" என்று இழுத்தான்.

"எனக்கு என்னப்பா தெரியும்? வீராசாமி ஓட்டும்போது நான் தூங்கிக்கிட்டேதான் வருவேன்," என்றார் லோகநாதன். "உனக்கு எந்தப் பக்கம் தோணுதோ அந்தப் பக்கம் போ. உன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

இத்தனை நம்பிக்கை வைத்தவரிடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? தேவராஜ் வலது பக்கம் போனான்.

நாலே கால் மணிக்கு வடிவம்மா கண் விழித்தபோது, கார் ஒரு பிரமாண்டமான ஏரிக்கும் ஒரு பாறைக் குன்றுக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தது.

"உத்திரமேரூர்ல குன்று ஏது?" என்றார்.

"மாமண்டூர்மா," என்றாள் வசந்தகுமாரி, ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டியபடி. "பல்லவர் குகைக் கோயில். மகேந்திரவர்மன் காலத்து ஏரிம்மா இது."

வடிவம்மா எதிரே புல்லுக்கட்டோடு வந்த பெண்ணை நிறுத்தி, வழி கேட்டார். அவள் கட்டை இறக்காமலே தலையால் பின்பக்கம் காட்டினாள். "உத்திரமேரூரா? கூட்டு ரோட்டுக்குத் திரும்பப் போயி அந்தாண்ட ரோட்ல போவணும். இது செய்யாறு போற ரோடு."

வடிவம்மா தேவராஜைப் பார்த்தார். இந்த ஒரு தடவை அவனுக்குச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது.

"இப்படியும் போவும்மா. ஆனா அந்தம்மா சொல்றது இன்னும் கொஞ்சம் கிட்ட."

உத்திரமேரூரில் தசரதன் வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி ஐந்தே முக்கால். பந்தல் போட்டிருந்தது. பந்தலில் சாப்பாடு முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் ரோஜா மாலையோடு உட்கார்ந்து, சோடா குடித்துக்கொண்டிருந்தான்.

தசரதன் வாசலுக்கு வந்தார். "நாலு மணி வரைக்கும் பார்த்தேன் வடிவு. செய்யாத்துக்காரங்க வந்து உட்கார்ந்துட்டாங்க. நாலேகாலுக்குத் தாம்பூலம் மாத்தியாச்சு."

தேவராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அம்மா இப்போது தன்னைக் கை காட்டப் போகிறார், அத்தோடு வேலை போயிற்று, பேபியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

ஆனால் வடிவம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. வெறும் வெள்ளித் தட்டோடு அண்ணன் எதிரே போய் நின்றார்.

"வழியில கூடப் பொறந்தவளுக்கு என்ன ஆச்சோன்னு ஒரு ஆள் அனுப்பத் தோணலே உனக்கு. ஆத்து மணல்ல மாட்டிக்கிட்டு, பட்டினியா வந்து நிக்கறேன். கால் மணி நேரம், ராகு காலம் வரைக்கும் பொறுத்தியா? என் பொண்ணை உன் வீட்டுக்கு அனுப்பியிருந்தா அவளுக்கும் இதே கதிதானே."

"வடிவு, நான் சொல்றதைக் கேளு…"

"ஒண்ணும் கேக்க வேணாம். என் பொண்ணு பி.ஏ. படிச்சவ. ஆவடியில அவளுக்கு உத்தியோகம் காத்துக்கிட்டு இருக்கு. உன் பையன் மாதிரி பந்தல்ல உட்கார்ந்து சோடா குடிக்க வேண்டிய தலையெழுத்து அவளுக்கு இல்லே." சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார். அண்ணன் மனைவி காபியோடு ஓடிவந்தாள். அவர் அதைத் தொடவில்லை. லோகநாதன் மட்டும் வாங்கிக் குடித்தார்.

வசந்தகுமாரி காரில் இல்லை. குடவோலைக் கல்வெட்டைப் பார்க்கப் போனவளை, வெளிச்சம் மங்குவதற்குள் தேவராஜ்தான் போய்க் கோயிலிலிருந்து அழைத்து வந்தான்.

திரும்பும் பயணம் அவனுக்குக் கனவு போல இருந்தது. லோகநாதன் முன் சீட்டில் சாய்ந்துகொண்டு, "இப்படி லெப்ட்ல எடு… பாலம் தாண்டி ரைட்ல… நேராப் போ," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி. இரண்டு மணி நேரத்தில் வீடு வந்துவிட்டது. ஒரே ஒரு நாள் தன்னோடு வந்ததற்கே முதலாளிக்கு வழியெல்லாம் இப்படிப் பிடிபட்டுவிட்டதே என்று தேவராஜ் ஆச்சரியப்பட்டான்.

சாவியைக் கொடுக்கும்போது, "இன்னிக்குக் கொஞ்சம் முன்ன பின்ன ஆயிடுச்சு மொதலாளி," என்றான்.

"வண்டின்னா அப்படித்தான்," என்றார் லோகநாதன். சாவியை வாங்காமல் அவன் கையிலேயே அழுத்தினார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு. இனிமே நீதான் நம்ம டிரைவர். பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போய் ஆவடியில பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். அந்த வழி…"

"தலகீழாத் தெரியும் மொதலாளி," என்றான் தேவராஜ். இந்தத் தடவை அது உண்மை.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஷெட்டுக்குப் போனான். வேம்புலி ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். தேவராஜ் அதன் படியில் உட்கார்ந்து, முதல் நாள் கதையைத் திருவள்ளூரிலிருந்து ஒன்று விடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல அதில் மணலின் ஆழம் கூடியது, காரின் வேகமும் கூடியது.

"மச்சான், வேல நிரந்தரமாயிடுச்சு," என்று முடித்தான். "தேவராஜ் மாதிரி வழி தெரிஞ்ச டிரைவர் இந்த ஜில்லாவுலயே கெடையாதுன்னு நீ மொதலாளி கைல சொல்லி அனுப்பினியே, அந்தப் பேர நான் காப்பாத்திட்டேன்."

வேம்புலி லாரிக்கு அடியிலிருந்து மெதுவாக வெளியே வந்து, கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அவரு கேட்டதே வேற மாமே. 'உத்திரமேரூருக்கு வழி சுத்தமா தெரியக் கூடாது, ஆனா கேட்டா தெரியும்னு அடிச்சிச் சொல்லணும், அப்படி ஒரு டிரைவர் இந்தப் பக்கம் கீறானா'ன்னு கேட்டாரு. எனக்கு உன்ன வுட்டா வேற பேரே வாயில வர்ல."